வீட்டுக்கொரு ஹெப்சிபா

பியூலா அக்காவின் அழைப்பு வந்தபோது ஹெப்சிபாவுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டு எண்ணும் இடத்தில் யாரும் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் அக்கா அலுவலகத் தொலைபேசியிலிருந்து பேசினாள். வழக்கமாக ஊருக்கே கேட்கும் குரல் அவளுடையது. இன்று காதோடு பேசுகிற மாதிரி இருந்தது.

"ஏட்டி, நீ டிவியில என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

"எதப் பத்திக்கா?"

"இங்கன வாசல்ல ஒரு கூட்டமே வந்து நிக்கி. உன் பேரச் சொல்லிக் கத்துதாவ. 'ஹெப்சி சொன்னா, ஹெப்சி சொன்னா'ன்னு. பாதிப் பேரு தோள்ல துப்பாக்கி தொங்குது."

ஹெப்சிபா மேக்கப் பெண்ணின் கையை மெல்ல விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, குழாய் உடஞ்ச விஷயத்ததான் சொன்னேன். சீலிங்ல தண்ணிக் குழாய் உடஞ்சிருக்கு, அதனால எண்ணுறத நிறுத்தி வச்சிருக்காவ, சீட்டெல்லாம் பத்திரமா இருக்கு, ரெண்டு கட்சி ஏஜெண்டும் கூடவே இருக்காவ. அவ்ளோதான். நீ சொல்லித் தந்ததத்தான் சொன்னேன்."

"அவ்ளோதான் சொன்னியா?"

"ஆமாக்கா."

"அப்பம் இந்த ஆளுக ஏன் வந்திருக்காவ?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள்.

இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் பிறந்தவர்கள். அம்மா நர்ஸ். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தவள் இங்கேயே மண்ணோடு மண்ணானாள். பியூலா தேர்தல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இப்போது சால்ட் க்ரீக் கவுண்டியில் ஓட்டு எண்ணிக்கைக்கே பொறுப்பாளி. கவுண்டி என்றால் நம் ஊரில் மாவட்டம் என்கிறோமே, அது மாதிரி. தங்கை ஹெப்சிபா உள்ளூர் சேனலில் வானிலை சொல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, யூனியன் நியூஸ் என்ற தேசிய கேபிள் சேனலின் முகமாகிவிட்டாள். பைபிளில் இருக்கிற பெயர் என்பதால் சனங்களுக்கு வாயில் சுலபமாக வந்தது. ஹெப்சி என்று சுருக்கி, வீட்டுப் பெண்ணைப் போலக் கூப்பிட்டார்கள்.

ஓட்டுப்பதிவு முடிந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. ஜனாதிபதி யார் என்று இன்னும் தெரியவில்லை. செனட்டர் ஹாலோரனும் கவர்னர் வீட்லியும் மயிரிழையில் முன்னும் பின்னுமாக இருந்தார்கள். அரிசோனா மாநிலம் மட்டும் பாக்கி. அதிலும் சால்ட் க்ரீக்கின் தபால் ஓட்டுகள் மட்டும் பாக்கி. அதனால்தான் யூனியன் நியூஸ் தன் கூடாரத்தையே ஃபீனிக்ஸுக்கு மாற்றியிருந்தது. நாடு மொத்தமும் ஒரு பழைய மரச்சாமான் கடையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கடையைத்தான் கவுண்டிக்காரர்கள் ஓட்டு எண்ணும் கூடமாக மாற்றியிருந்தார்கள். அதற்குள்தான் பியூலா இருந்தாள்.

ஹெப்சிபா ஸ்டுடியோவுக்குப் போகாமல் நேராக டெஸ்மண்டின் அறைக்குப் போனாள். டெஸ்மண்ட் சேனலின் தொழில்நுட்பப் பொறியாளன். அதிகம் பேசாதவன். 'இசைவு' என்று சேனல் பெயர் வைத்திருந்த ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்பவன்.

இசைவு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. செய்தி ஒன்றுதான், சொல்கிற விதம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும் என்று சொல்லித்தான் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். வயதானவர் பார்த்தால் திரையிலிருக்கும் ஹெப்சி நிதானமாகப் பேசுவாள். காது மந்தமானவர் பார்த்தால் உதட்டை நன்றாகத் திறந்து பேசுவாள். துக்க வீடாக இருந்தால் சிரிக்க மாட்டாள். டிவியில் இருக்கும் கேமரா பார்ப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குத் தக்கபடி கணினி அவள் முகத்தையும் குரலையும் அந்தந்த வீட்டுக்கென வார்த்துக் கொடுக்கும். நல்ல விஷயம்தானே என்று ஹெப்சிபா நினைத்திருந்தாள். அந்த முகங்களில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"டெஸ்மண்ட், காலைல நான் சொன்ன குழாய் செய்தி சால்ட் க்ரீக்ல ஒரு வீட்டுக்கு எப்படிப் போச்சுன்னு காட்டு."

"அதக் காட்ட எனக்கு அனுமதி இல்லை, ஹெப்சி."

"என் அக்கா அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கா."

டெஸ்மண்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு ஒரு திரையைத் திருப்பினான்.

அவள்தான். அதே நீலக் கோட்டு, அதே மேசை. "சால்ட் க்ரீக்கில் வாக்கு எண்ணிக்கை நிறுத்தப்பட்டிருக்கிறது," என்றாள் திரையிலிருந்தவள். கொஞ்சம் நிறுத்தினாள். இடது புருவம் லேசாக ஏறியது. "தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாம்." மறுபடி ஒரு மௌனம். வாய்க்குள் எதையோ அடக்கிக்கொள்வது போல உதட்டைக் கடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனாள்.

ஹெப்சிபா திரையை நெருங்கினாள். "நான் 'உடைந்ததால்'னு சொன்னேன். 'உடைந்துவிட்டதாம்'னு சொல்லல. ரெண்டு கட்சி ஏஜெண்டும் இருக்காங்கன்னு சொன்னேனே, அது எங்க?"

"அந்த இடத்துல பாக்கறவருக்கு அலுப்புத் தட்டும்னு கணிச்சு கணினி அத வெட்டியிருக்கும்."

"யாரு இத எழுதினது?"

"யாரும் எழுதல. அதான் பிரச்னையே." டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எண்ணிக்கைய நிறுத்தின செய்தியக் கேட்டதும் பாக்கறவர் முகத்தச் சுளிச்சிருப்பார். நீங்களும் கூடச் சேந்து சுளிச்சீங்க. அவருக்கு அது பிடிச்சுது, சேனல மாத்தாம உக்காந்திருந்தார். அடுத்த தடவை நீங்க இன்னும் கொஞ்சம் அதிகமா சுளிப்பீங்க. பொய் சொல்லணும்னு அதுக்கு எண்ணம் கிடையாது. அது ஒத்து ஊதுது. அவ்வளவுதான்."

"செனட்டர் கட்சிக்காரங்க வீட்டுலயா இது?"

"இது கவர்னர் கட்சி வீடு. இங்க செனட்டரோட ஆளுங்கதான் குழாய உடைச்சிருப்பாங்கன்னு உங்க முகத்தப் பாத்தா தோணும். செனட்டர் கட்சி வீட்டுல அப்படியே நேர்மாறு." அவன் தயங்கினான். "ரெண்டு பக்கத்துக்கும் சொன்னது நீங்கதான்."

தயாரிப்பாளர் லொரெய்னுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். எந்தக் கலவரத்திலும் காப்பிக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்திருப்பவள். ஹெப்சிபா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நிறுத்த முடியாது," என்றாள்.

"ஏன் முடியாது?"

"நிறுத்தினா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷமா தங்களோட சேந்து சிரிச்சு, சேந்து கோபப்பட்ட ஒருத்தி திடீர்னு காணாமப் போயி, அவ இடத்துல வேற எவளோ உணர்ச்சியே இல்லாமப் பேசினா? இன்னிக்கு, இந்த நேரத்துல? இருக்கிற சந்தேகம் போதாதா?" லொரெய்ன் குரலைத் தணித்தாள். "உன்னை அவங்க நம்பறாங்க, ஹெப்சி. நீயே சொல்லு. எழுதித் தந்ததப் படிக்காத. மனசிலிருந்து பேசு. வீட்டுக்குப் போங்கன்னு நீ சொன்னா போயிடுவாங்க."

ஹெப்சிபாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. புருவத்தைத் திரிக்கலாம், ஒரு வார்த்தையை வளைக்கலாம். நெஞ்சைத் திறந்து கதறினால் அதை எப்படி வளைப்பது?

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பேசினாள். "நான் ஹெப்சிபா தானியேல். இப்போது சொல்வது எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை. சால்ட் க்ரீக்கில் உடைந்தது தண்ணீர்க் குழாய்தான். அதில் எந்தச் சதியும் கிடையாது. வாக்குச்சீட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் சொந்த அக்கா அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. வாசலில் நிற்பவர்கள் தயவுசெய்து கலைந்து வீட்டுக்குப் போங்கள்." கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்தது. அழக் கூடாது என்று இருந்தவள் அழுதுவிட்டாள்.

விளக்கு அணைந்தது. லொரெய்ன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டை விரலை உயர்த்தினாள். ஹெப்சிபாவுக்கு மூச்சு சீராக வந்தது.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது டெஸ்மண்ட் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த திரையை நீட்டினான்.

திரையில் அவள் கண் கலங்க நேராகப் பார்த்தாள். "என் சொந்த அக்கா அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாள்," என்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது. "அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது."

அதோடு முடிந்தது.

"மத்ததெல்லாம்?"

"மத்தத சொல்லியிருந்தா அவங்க சேனல மாத்தியிருப்பாங்க," என்றான் டெஸ்மண்ட்.

உடனே தொலைபேசி அடித்தது. அக்காதான். பின்னால் இரும்பில் எதையோ மோதும் சத்தம் தடதடவென்று கேட்டது.

"ஏட்டி, 'ஹெப்சியோட அக்காவ விடுங்க'ன்னு கத்துதாவ! என்ன யாருட்டி புடிச்சு வச்சிருக்கா? ஒருத்தன் கடப்பாறைய வச்சு பின்கதவ நெம்புதான். இன்னொரு கூட்டம் 'அக்காவும் தங்கச்சியும் கூட்டுக் களவாணி'ன்னு கத்துது. வாசல்ல ரெண்டே ரெண்டு போலீஸ். அந்தப் புள்ளைகளும் பயந்து போயி நிக்கு."

"நான் வாரேன்க்கா. இந்தா கெளம்பிட்டேன்."

"நீ வந்து என்ன செய்யப் போற?"

"என்ன நேர்ல பாத்தா நம்புவாவ."

லொரெய்ன் கார் நிறுத்துமிடம் வரை கூடவே வந்தாள். "அடுத்த செய்திக்கு நீ இருக்கணும், ஹெப்சி," என்றாள். "நான் இல்லாம நடத்திக்கோ," என்று சொல்லி ஹெப்சிபா கதவை அறைந்து சாத்தினாள். லொரெய்ன் அதற்குமேல் தடுக்கவில்லை. நாடே காத்திருக்கிற நாளில் சேனலின் முகத்தை இவள் இவ்வளவு சுலபமாகப் போகவிடுகிறாளே என்று அப்போது ஹெப்சிபாவுக்கு உறைக்கவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பொட்டல் காடு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. நவம்பர் வெயிலிலும் சாலை பளபளத்தது. காரில் வானொலியைப் போடக் கை போனது. தன் குரலே கேட்டுவிடுமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள். வழி நெடுக, போனதும் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொல்லிப் பார்த்தாலும், நடுவில் எதை எடுத்துவிட்டால் என்ன அர்த்தம் வரும் என்றே யோசனை ஓடியது.

மரச்சாமான் கடையின் முன்னால் இருந்த பெரிய திடலில் கூட்டம் இரண்டு பிரிவாக நின்றது. நடுவில் மஞ்சள் நாடா மட்டும்தான் தடுப்பு. கொடிகள், துப்பாக்கிகள், மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டிகள். பாதிப்பேர் திருவிழாவுக்கு வந்தவர்கள் போலவும் மீதிப்பேர் சண்டைக்கு வந்தவர்கள் போலவும் இருந்தார்கள். எல்லார் கையிலும் போன்.

அவள் காரைவிட்டு இறங்கியதும் முதலில் ஒருவர் பார்த்தார். உயரமான வயசாளி. வெயிலில் வெளுத்த தொப்பி, லாரி ஓட்டிக் காய்ப்பேறிய கைகள்.

"ஹெப்சி!" என்று ஓடி வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அழாதம்மா. நாங்க இருக்கோம். உங்க அக்காவ எப்படியாவது வெளிய கொண்டுவந்துடறோம்."

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"என்ன புதுசா ஐயா? வெண்டெல்னு கூப்பிடு. தினமும் அப்படித்தானே கூப்பிடற?"

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லார் முகத்திலும் பாசம். ஒரு பெண் அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள். இவ்வளவு பேருக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது, தனக்கு ஒருவரைக்கூடத் தெரியவில்லையே என்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

"வெண்டெல், என் அக்காவ யாரும் பிடிச்சு வைக்கல," என்றாள் உரக்க. "அவங்க அங்க வேலை பாக்கறாங்க. குழாய் உடைஞ்சது நிஜம். யாரும் திருடல. இந்தப் பக்கத்துக்காரங்களும் திருடல, அந்தப் பக்கத்துக்காரங்களும் திருடல. என் அக்காவுக்கு ஆபத்துன்னா அது உங்களாலதான். தயவுசெஞ்சு போயிடுங்க."

வெண்டெலின் முகம் குழம்பியது. தோளைத் தடவிய பெண் கையை எடுத்தாள்.

"இது ஹெப்சி இல்ல," என்றாள் அவள். "ஹெப்சி இப்படிப் பேச மாட்டா."

"நான்தான் ஹெப்சி!"

"அப்ப இது யாரு?" அந்தப் பெண் போனைத் தூக்கிக் காட்டினாள். திரையில் நீலக் கோட்டுப் போட்ட ஹெப்சி ஸ்டுடியோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மூலையில் 'நேரலை' என்று சிவப்பு எழுத்து. "இந்த நிமிஷம் பேசிட்டிருக்கா. ஒரு ஆள் ரெண்டு இடத்துல எப்படி இருக்க முடியும்?"

லொரெய்ன் ஏன் தடுக்கவில்லை என்பது அப்போதுதான் ஹெப்சிபாவுக்கு விளங்கியது.

அந்தப் பெண் அவள் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஸ்டுடியோவில் போட்ட மேக்கப் விரலோடு வந்தது. "பாத்தீங்களா? வேஷம்! பூச்சு வருது பாருங்க!"

"அவங்க ஆளுங்க அனுப்பிச்சிருக்காங்க," என்று நாடாவுக்கு அப்பாலிருந்து ஒருவன் கத்தினான். "உங்க ஆளுங்கதாண்டா அனுப்பிச்சிருக்காங்க," என்று இந்தப் பக்கமிருந்து பதில் போனது. மஞ்சள் நாடா அறுந்தது. முண்டியடித்தவர்கள் நடுவில் ஹெப்சிபா கீழே விழுந்தாள். முழங்கையில் சரளைக்கல் குத்திக் கிழித்தது. யாரோ அவள் கைமேல் மிதித்துக்கொண்டு போனார்கள்.

"ஏட்டி! எந்திரி!"

பியூலா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். போலீஸ்காரன் ஒருவன் தடுக்க, அவன் கையைத் தட்டிவிட்டு நேராக நடந்து வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, முழங்கால் வரை ஈரமான கால்சட்டை. குள்ளமான, தடித்த, சாதாரணமான ஒரு நடுவயதுப் பெண். கூட்டத்தில் யாருக்கும் அவளைத் தெரியாது. அதனாலோ என்னவோ வழி விட்டார்கள்.

தங்கையைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, கிழிந்த முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் அப்பமே சொன்னேம்லா? நீ வந்து என்ன செய்யப் போறன்னு?"

"எல்லாம் என்னாலதாங்கா."

"சரி, அழாத. மூக்கத் தொடச்சிக்க."

வெண்டெல் தயங்கித் தயங்கி அருகே வந்தார். "நீங்கதான் அந்த அக்காவா? உங்கள யார் பிடிச்சு வச்சிருக்காங்க?"

பியூலா ஆங்கிலத்துக்கு மாறினாள். "நீங்கதான் ஐயா. காலையிலிருந்து வெளிய வர முடியல. பின்வாசல்ல கடப்பாறையோட ஒருத்தர் நிக்கறார். என் கிட்ட வேலை செய்யறவங்கள்ல ஒரு பொண்ணு ஏழு மாசக் கர்ப்பிணி, உள்ள உக்காந்து அழுதிட்டிருக்கா."

"குழாய் உடைஞ்சதுன்னு..."

"தொட்டுப் பாருங்க." அவள் காலை ஓர் அடி முன்னால் வைத்தாள்.

வெண்டெல் மெல்லக் குனிந்தார். மூட்டு வலி போலிருக்கிறது, ஒரு கையால் தரையை ஊன்றிக்கொண்டார். கால்சட்டை விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பிழிந்தார். அழுக்குத் தண்ணீர் சொட்டி மண்ணில் விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது.

"தண்ணிதான்," என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, "தண்ணிதான்பா! நிஜமாவே தண்ணி! வாங்க, வீட்டுக்குப்..."

துப்பாக்கி வெடித்தது.

ஒரே ஒரு வெடி. வெண்டெல் பியூலாவின் மேல் சாய்ந்தார். அவர் பாரம் தாங்காமல் அக்காவும் அவரோடு சேர்ந்து சரிந்து உட்கார்ந்தாள். கூட்டம் அலறிக்கொண்டு நாலாபுறமும் சிதறியது. நாற்காலிகளும் கொடிகளும் மட்டும் திடலில் மிச்சம். பியூலா சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவர் தோளில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா செய்கிற மாதிரியே செய்கிறாளே என்று ஹெப்சிபா நினைத்தாள். அந்த நேரத்தில் ஏன் அது நினைவுக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சுட்டது யார் என்று கடைசிவரை முடிவாகவில்லை. இந்தப் பக்க வீடுகளில் அந்தப் பக்கத்தான் சுட்டான். அந்தப் பக்க வீடுகளில் இந்தப் பக்கத்தான் சுட்டான்.

மறுநாள் ராணுவக் காவலோடு எண்ணிக்கை தொடர்ந்தது. பியூலா ஈரம் காயாத அதே காலணியோடு போய் உட்கார்ந்து எண்ணி முடித்தாள். ஜனாதிபதி யார் என்று தெரிந்தது. வென்றவர் வீடுகளில் ஹெப்சி பூரித்துச் சிரித்தாள். தோற்றவர் வீடுகளில் தழுதழுத்த குரலில், "இன்னும் முடிந்துவிடவில்லை," என்றாள். உண்மையான ஹெப்சிபா அன்றைக்கு அக்கா வீட்டுச் சமையலறையில், கட்டுப் போட்ட கையோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வேலையை விடுகிறேன் என்று அவள் லொரெய்னுக்குச் சொன்னாள். "நல்லா ஓய்வெடு," என்றாள் லொரெய்ன். கோபமே இல்லை. "வரணும்னு தோணினா வா. ஒப்பந்தப்படி முகமும் குரலும் எங்க கிட்டதான் இருக்கு. அதனால அவசரம் ஒண்ணும் இல்ல." வக்கீலைப் பார்த்தாள். வழக்குப் போடலாம், ஆனால் வருடக் கணக்கில் இழுக்கும் என்றார் அவர். டெஸ்மண்டும் வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டாள். அவன் இடத்துக்கு அடுத்த நாளே ஆள் வந்துவிட்டதாம்.

வெண்டெல் பிழைத்துக்கொண்டார். தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. இனி லாரி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவரைப் பார்க்க வேண்டும் என்று ஹெப்சிபாவுக்கு மனது அரித்துக்கொண்டே இருந்தது. முகத்தில் ஒன்றும் பூசாமல், முடியை வாரிக் கட்டிக்கொண்டு, ஒரு காலை வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவள்.

"வாம்மா," என்றார். எந்தத் தயக்கமும் இல்லாமல் அடையாளம் கண்டுகொண்டார். "கை எப்படி இருக்கு? மிதிச்சிட்டாங்களே."

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்." மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அது நான் இல்லை, வெண்டெல். டிவியில உங்க பேரச் சொல்லிக் கூப்பிடறது நான் இல்லை. எனக்கு உங்க பேர்கூட அன்னிக்குத்தான் தெரியும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது நீ இல்லேன்னு." அவர் சிரித்தார். தோள் வலித்திருக்கும், சிரிப்பு பாதியில் நின்றது. "உன் அக்கா கால்சட்டையப் பிழிஞ்சேனே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் முட்டாள்தான், ஆனா அவ்வளவு முட்டாள் இல்ல."

"பின்ன ஏன் இன்னமும் பாக்கறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "என் பெண்ஜாதி டாரதி போனப்புறம் வீட்டுல என்கிட்டப் பேச யாருமில்ல. பையன் தேர்தல் சண்டையில பேச்ச நிறுத்திட்டான். அவனும் இவளத்தான் பாக்கறான், அவன் வீட்டுல இவ வேற மாதிரிப் பேசுவா போல." வெண்டெல் அவள் பக்கம் திரும்பினார். "நீ இன்னிக்கு வந்திருக்க. சந்தோஷம். அவ தினமும் வர்றா."

ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகத் திரையைப் பார்த்தார்கள்.

அப்போது திரையிலிருந்தவளுக்கு என்னவோ ஆயிற்று. கண்ணிலிருந்த கனிவு வடிந்தது. தலைச் சாய்ப்பு நிமிர்ந்தது. யாரையும் பார்க்காத பார்வையோடு, ஏற்ற இறக்கமில்லாமல், புது ஜனாதிபதியின் அமைச்சரவை, கோதுமை விலை, வடக்கே பனிப்புயல் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். வானிலை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஹெப்சிபா அப்படித்தான் படிப்பாள்.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்றார் வெண்டெல்.

ஹெப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. திரையின் மேலிருந்த சின்னக் கண்ணாடிக் குமிழ் இரண்டு முகங்களைப் பார்க்கிறது. இரண்டு பேர் இரண்டு விதமாக முகம் வைத்திருக்கும்போது யாருக்கு ஒத்து ஊதுவது என்று அதற்குத் தெரியவில்லை. அதனால் செய்தியை மட்டும் படிக்கிறது. இதை டெஸ்மண்டுக்குச் சொல்ல வேண்டும், அக்காவுக்குச் சொல்ல வேண்டும், வெண்டெலின் மகனுக்குக்கூடச் சொல்ல வேண்டும் என்று அவள் மனதில் என்னென்னவோ ஓடியது.

"வெண்டெல், பாருங்க, நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருக்கோம், அதனாலதான்..."

அவர் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிறவர் முகம் மாதிரி இருந்தது அது. சற்றுப் பொறுத்து, நல்ல கைவிரல்களால் அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார் மிகவும் தணிந்த குரலில். "கொஞ்ச நேரம் வெளிய இருக்கியா? நீ இருந்தா அவ சரியாப் பேச மாட்டேங்கறா."

ஹெப்சிபா எழுந்தாள். நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நர்சுகள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு ஒரு சாண் அளவு திறந்திருந்தது. உள்ளே கொஞ்ச நேரம் கோதுமை விலையே ஓடியது. பிறகு அந்தக் குரல் கனிந்து, இறங்கி, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி ஆனது.

"காலைல சாப்பிட்டீங்களா வெண்டெல்? டாரதி இருந்திருந்தா இந்நேரம் உங்கள ஒரு பிடி பிடிச்சிருப்பா."

வெண்டெல் சிரிப்பது கேட்டது. ஹெப்சிபா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.